செல் சுழற்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆய்வக வகுப்பில் வெங்காய வேர்நுனியைச் சாயமேற்றிப் பார்த்தபோது, பெரும்பாலான செல்களில் உருண்டையான நியூக்ளியஸ் மட்டுமே தெரிந்தது. பிளவுறும் செல்கள் மிகச் சிலவே இருந்தன. நான் ஏதேனும் பிழை செய்துவிட்டேனா?

பதில்: நுனியின் கடைசி ஓரிரு மில்லிமீட்டரை வெட்டி எடுத்திருந்தீர்கள் என்றால் பிழை ஏதுமில்லை. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனிதச் செல் ஒன்று ஒரு சுழற்சியை, அதாவது ஒரு பிளவிலிருந்து அடுத்த பிளவு வரையிலான பயணத்தை, முடிக்க ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகிறது. அதில் நியூக்ளியஸ் பிளவுறும் கட்டமான மைட்டாசிஸுக்குச் செலவாவது சுமார் ஒரு மணி நேரமே. வேர்நுனியிலும் இதே கதைதான்: நெடுநேரம் நீடிக்கும் நிலையில் இருக்கும் செல்களே கண்ணில் அதிகம் படும். இரு பிளவுகளுக்கு நடுவே வரும் அந்த நெடுநேர நிலையான இடைநிலையைப் பழைய நூல்கள் ‘ஓய்வு நிலை’ என்று அழைத்தது பெரும் தவறு. ஹோவார்டு, பெல்க் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் அவரையினச் செடியின் வேர்களுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொடுத்துச் செய்த ஆய்வை 1953-இல் வெளியிட்டபோது, டி.என்.ஏ. இரட்டிப்பாவது இடைநிலைக்குள்தான் என்பது தெளிவாயிற்று. அந்தக் கட்டமே எஸ் நிலை. அதற்கு முன்னது ஜி1, பின்னது ஜி2.

கேள்வி: எஸ் நிலை முடிந்ததும் மனிதச் செல்லில் 92 குரோமோசோம்கள் இருக்குமா?

பதில்: 46தான் இருக்கும். டி.என்.ஏ.வின் அளவு இரட்டிப்பாகிறது; ஆனால் குரோமோசோம்களை, இரு நகல்களும் ஒட்டியிருக்கும் இடமான சென்ட்ரோமியரைக் கொண்டே எண்ணுவதால், குரோமேட்டிடுகள் எனப்படும் அந்த இரு நகல்களும் சேர்ந்து ஒரு குரோமோசோமாகவே கணக்கிடப்படும்.

கேள்வி: பிளவுறும் தருணம் வந்துவிட்டதைச் செல் எப்படி அறிகிறது?

பதில்: உயிர்வேதியியலாளர் டிம் ஹண்ட் 1982-இல் கடல் முள்ளெலி முட்டைகளை ஆராய்ந்தபோது, ஒரு புரதம் படிப்படியாகச் சேர்ந்து, ஒவ்வொரு பிளவின்போதும் திடீரென மறைவதைக் கண்டார். சைக்ளின் எனப் பெயர் பெற்ற அது, கைனேஸ் என்னும் நொதியுடன் இணைந்து அதனைச் செயல்பட வைக்கிறது. மரபியலாளர் பால் நர்ஸின் குழு 1987-இல், அந்தக் கைனேஸுக்கான மனித மரபணு, ஈஸ்டில் பழுதுபட்ட மரபணுவுக்கு ஈடாக நின்று ஈஸ்டைப் பிளவுறச் செய்வதைக் காட்டியது. நூறு கோடி ஆண்டுகளாகப் பிரிந்து வாழும் இரு உயிர்களுக்குள் ஒரே பொறியமைப்பு இயங்குவதை எண்ணும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. ஆயினும் நொதி மட்டும் போதாது. டி.என்.ஏ. சேதமுற்றிருந்தால் பி53 என்னும் புரதம் சுழற்சியை நிறுத்துகிறது; மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்தப் புரதத்தின் மரபணு பழுதாகியிருக்கிறது. குரோமோசோம்கள் செல்லின் நடுவே வரிசையாக நிற்கும் மெட்டாஃபேஸிலோ, அவற்றை இழுத்துப் பிரிக்கும் கதிர்கோல் இழையோடு சரிவர இணையாத ஒரே ஒரு குரோமோசோம் இருந்தாலும், மற்ற அனைத்தும் அதற்காகக் காத்திருக்கும்.

கேள்வி: நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள் என்கிறார்களே, அதன் சாற்றைக் குடிக்கலாமா?

பதில்: தயவுசெய்து குடிக்காதீர்கள். அச்செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வின்கிறிஸ்டின் உண்மையான மருந்துதான். ஆனால் செடியில் அது மிகமிகக் குறைவாகவும், தீங்கு செய்யக்கூடிய பல ஆல்கலாய்டுகளுடன் கலந்தும் இருப்பதால், சாற்றில் அளவு என்று ஒன்றை யாராலும் கூற இயலாது. அம்மருந்து டியூபுலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, கதிர்கோல் இழைகளாகும் நுண்குழல்கள் உருவாவதைத் தடுப்பதால், மேலே சொன்ன காத்திருப்பிலேயே செல் சிக்கிக்கொள்கிறது. நம் மாநில மலரான செங்காந்தளின் கொல்கிசினும் இவ்வாறே செயல்படுகிறது. மனிதக் குரோமோசோம்கள் 46 என்று 1956-இல் ஜோ ஹின் டிஜியோவும் ஆல்பர்ட் லெவனும் அறிவித்த ஆய்வில், செல்களை மெட்டாஃபேஸில் நிறுத்த உதவியது கொல்கிசினே. ஆனால் செங்காந்தள் கிழங்கைத் தின்றவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். வின்கிறிஸ்டின் ஏற்றப்படும் நோயாளிகளுக்கு விரல்கள் மரத்துப்போவதுண்டு. நரம்புச் செல்கள் பிளவுறுவதில்லை என்றாலும், அவற்றின் நீண்ட இழைகளினூடே பொருள்களைக் கொண்டுசெல்லும் பாதைகளும் அதே நுண்குழல்களால் ஆனவையே.