மூளை வைரஸுக்குக் காட்டை விற்று ஊசி போடலாமா?

கேள்வி: டாக்டருங்க, எங்களுக்குத் திருச்செங்கோடு பக்கம் ஒரு கிராமம். தம்பிக்கு 39 வயது. போர்வெல் வண்டியில் வேலை, வருடத்தில் எட்டு மாதம் வடக்கேதான் இருப்பான். ஏழு வருடமாக எச்.ஐ.வி. மாத்திரை எடுக்கிறான். போன தடவை வண்டி ஏறியதில் இருந்து ஒழுங்காகப் போடவில்லை என்று இப்போதுதான் சொல்கிறான். ஒன்றரை மாதமாக வலது கையில் பிடிமானம் இல்லை, பேச்சு குழறுகிறது, வலது பக்கம் யார் வந்தாலும் தெரிவதில்லை. காய்ச்சல் இல்லை, தலைவலியும் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் பி.எம்.எல். ஆக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. அதற்கு மருந்து இல்லை என்கிறார் டாக்டர். எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை வெறும் 54. முதுகில் நீர் எடுத்துப் பார்த்த பிறகுதான் மாத்திரையை மறுபடி ஆரம்பிப்போம் என்கிறார்கள். முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்று ஊரே சொல்கிறது. ஸ்கேன் எடுத்த இடத்தில் பழக்கமான ஒருவர், வெளிமாநிலத்தில் இருந்து ஊசி வரவழைத்து வைரஸை அடியோடு எடுத்துவிடலாம், இரண்டரை லட்சம் ஆகும், அதுவரை ஏ.ஆர்.டி. என்கிற எச்.ஐ.வி. மாத்திரையைத் தொடக்கூடாது என்கிறார். இரண்டு ஏக்கர் காடு இருக்கிறது, விலை பேசிவிட்டோம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு, ஒட்டுமா? இரண்டு வருடம் முன்பு நெஞ்சில் அக்கி வந்து எழுதிக்கொண்டான். அதுதான் மூளைக்கு ஏறிவிட்டதா?

பதில்: காட்டை விற்காதீர்கள் அம்மிணி. முன்பணம் வாங்கியிருந்தால் நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பி.எம்.எல். என்பது ஒரு நீளப் பெயரின் சுருக்கம். அந்தப் பெயர் உங்களுக்கு வேண்டாம், உள்ளே என்ன நடக்கிறது என்பது போதும். தோட்டத்து மோட்டாரில் கம்பிச் சுற்று எரிவதைப் பார்த்திருப்பீர்கள். செம்புக் கம்பி அப்படியேதான் இருக்கும், மேலே பூசிய வார்னிஷ் போய்விடும், மோட்டார் ஓடாது. மூளை நரம்புகளுக்கும் அப்படி ஒரு உறை உண்டு. அந்த உறையை உண்டாக்கும் செல்களை ஜே.சி. என்ற வைரஸ் அழிக்கிறது. 1971-ல் இதை முதலில் பிரித்தெடுத்தபோது, அந்த நோயாளியின் பெயரின் முதலெழுத்துகளையே இதற்கு வைத்தார்கள். பயங்கரமான புது வைரஸ் இல்லை. நம்மில் பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே வந்து, சிறுநீரகத்தில் சத்தமில்லாமல் படுத்திருப்பதுதான். எனக்கும் இருக்கலாம், உங்களுக்கும் இருக்கலாம். எதிர்ப்புச் சக்தி அடியோடு குறைந்தவருக்குத்தான் அது எழுந்து மூளைக்குப் போகிறது. ஆகவே பிள்ளைகளுக்குத் தம்பியிடமிருந்து இந்த நோய் வராது. மாமன் மடியில் உட்காரட்டும், ஒரே தட்டில் சாப்பிடட்டும்.

"மருந்து இல்லை" என்று டாக்டர் சொன்னது பாதி உண்மை. ஜே.சி. வைரஸைக் கொல்ல இன்றுவரை உலகத்தில் ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. புற்றுநோய் மருந்து, மலேரியா மருந்து என்று பலவற்றைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் எடுபடவில்லை. ஆனால் எச்.ஐ.வி. அடங்கினால் எதிர்ப்புச் சக்தி திரும்பும், திரும்பிய சக்தி ஜே.சி.யைத் தானே அடக்கும். ஏ.ஆர்.டி. வருவதற்கு முன்பு இந்த நோய் வந்தவர்கள் பெரும்பாலும் சில மாதங்களில் போய்விடுவார்கள். இன்று மாத்திரையை ஒழுங்காக எடுப்பவர்களில் பாதிப்பேராவது ஒரு வருடத்தைத் தாண்டுகிறார்கள், பலர் வருடக்கணக்கில் இருக்கிறார்கள். எரிந்த இடம் முழுதாகச் சரியாகும் என்று நான் சொல்லமாட்டேன். கை கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம். மேலும் எரியாமல் நிறுத்துவதுதான் வைத்தியம். அதற்கு உள்ள மருந்து, தம்பி வண்டி ஏறும்போது விட்டுவிட்டுப் போன அதே மாத்திரைதான். அரசு அதை 2004 ஏப்ரலில் இருந்து இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆள் எதைத் தொடாதே என்கிறார் என்று கவனித்தீர்களா?

"அப்படியானால் இன்றைக்கே ஏன் கொடுக்கவில்லை, வேண்டுமென்றே இழுக்கிறார்களா?" என்று உங்களுக்குக் கோபம் வரும். இதை மெதுவாகப் படியுங்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்கு மூளையில் கோளாறு என்றால் நம் ஊரில் பி.எம்.எல்.லைவிட அதிகம் வருவது வேறு இரண்டு: காசநோய் மூளைக்காய்ச்சல், பூஞ்சை மூளைக்காய்ச்சல். இரண்டுமே வைரஸ் இல்லை, இரண்டுக்கும் மருந்து உண்டு. அவை இருக்கும்போது ஏ.ஆர்.டி.யை அவசரமாக ஆரம்பித்தால், திடீரென்று திரும்பும் எதிர்ப்புச் சக்தி மூளைக்குள் பெரிய சண்டை போட்டு வீக்கத்தை உண்டாக்கும். மண்டை ஓடு மூடிய பெட்டி, வீங்க அங்கே இடமில்லை. பூஞ்சை நோயாளிகளை வைத்து உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் செய்த ஓர் ஆய்வு 2014-ல் வெளிவந்தது. ஒன்றிரண்டு வாரத்தில் ஏ.ஆர்.டி. ஆரம்பித்தவர்களில் ஆறு மாதத்துக்குள் 100-க்கு 45 பேர் இறந்தார்கள். ஐந்து வாரம் பொறுத்து ஆரம்பித்தவர்களில் 30 பேர். அதனால்தான் இந்த இரண்டு நோயில் மட்டும், அந்தந்த நோய்க்கான மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, ஏ.ஆர்.டி.க்குக் குறைந்தது நாலு வாரம் காத்திருக்கிறோம். பி.எம்.எல். என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தம்பிக்குக் காய்ச்சலும் தலைவலியும் இல்லாதது பி.எம்.எல். பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் சி.டி.4 54-ல் இருப்பவருக்கு ஊகத்தை நம்பக் கூடாது. முதுகு நீர் சொல்லட்டும்.

பூஞ்சைக்கான பரிசோதனை ஒரு சின்னப் பட்டையில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஜே.சி. பரிசோதனை பெரும்பாலும் வெளி லேபுக்குப் போய் வரும். அதில் 'இல்லை' என்று வந்தாலும் பி.எம்.எல். இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஆகவே அந்தத் தாளுக்காக மட்டும் ஏ.ஆர்.டி.யை நிறுத்தி வைத்திருந்தால், "காசநோயும் பூஞ்சையும் இல்லையென்று தெரிந்துவிட்டதுங்களா? அப்புறம் எதற்குங்க காத்திருக்கிறோம்?" என்று கேளுங்கள். மரியாதையாக, ஆனால் இரண்டு தடவை கேளுங்கள். நம் ஆஸ்பத்திரிகளில் ஒரு தடவை கேட்டதற்குப் பதில் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

கால் விழுமா? தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே. சிசேரியனுக்கு மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, அதே இடம்தான். உங்கள் தெருவில் எத்தனை பேர் அப்படிப் பிள்ளை பெற்று நடமாடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சில நாள் தலைவலி வரலாம், பெரும்பாலும் அவ்வளவுதான்.

இனி அந்த ஸ்கேன் ஆள். முகம் தெரியாவிட்டாலும் அவரை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடமாக வேறு வேறு சட்டையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே டீ வாங்கிக் கொடுப்பார், ரிப்போர்ட்டைப் பிரித்து உங்களுக்கு முன்னால் படிப்பார், "கவர்மென்ட்ல போட்டா ஆளு திரும்பாதுங்க" என்பார். ஸ்கேனுக்கு ஒரு கமிஷன், ஆஸ்பத்திரி மாற்றினால் ஒரு கமிஷன், ஆம்புலன்ஸுக்கு ஒன்று. இவர்களில் கெட்டிக்காரர்கள் இன்னொன்றும் செய்வார்கள். ஏ.ஆர்.டி. எடுத்து வைரஸ் அளவு குறைந்த யாரோ ஒருவரின் ரிப்போர்ட்டில் 'கண்டறிய முடியவில்லை' என்று இருக்கும். அதைக் காட்டி "பாருங்க, எச்.ஐ.வி.யே போயிருச்சு" என்பார்கள். போகவில்லை. மாத்திரை அதை அமுக்கி வைத்திருக்கிறது, விட்டால் வந்துவிடும். தம்பிக்கு வந்ததே அப்படித்தான். எய்ட்ஸைக் குணமாக்குவதாகச் சொல்லி மருந்து விற்கவே நம் நாட்டு மருந்துச் சட்டத்தில் தடை இருக்கிறது. ஊசியின் பெயர், தயாரித்த கம்பெனி, பில், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படி ஒரு பில்லை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் போலீசுக்கும் போவதில்லை. ஊருக்கு நோய் தெரிந்துவிடுமே என்ற அந்தப் பயம்தான் இவர்களின் மூலதனம்.

இன்னொரு பொறி, பக்கத்து கிளினிக்கில் போடும் ஸ்டீராய்டு ஊசி. போட்ட இரண்டு நாள் தெம்பாக இருக்கும். காரணம் தெரியாமல் போட்டால் இருக்கிற எதிர்ப்புச் சக்தியும் போகும், மூளையில் வேறு ஏதாவது இருந்தால் அதையும் மறைத்துவிடும். வேண்டாம்.

மாத்திரை மறுபடி ஆரம்பித்த சில வாரங்களில் நிலைமை சற்று மோசமாகலாம். திரும்பிய எதிர்ப்புச் சக்தி ஜே.சி.யோடு மோதும் வேலை அது. அந்த நேரத்தில்தான் வீட்டார் பயந்து மாத்திரையை நிறுத்துகிறார்கள், ஸ்கேன் ஆளும் மறுபடி போன் செய்கிறார். நிறுத்தாதீர்கள், ஏ.ஆர்.டி. மையத்துக்கு அழைத்துப் போங்கள். வலிப்பு, வாந்தியோடு தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம் என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

தம்பியைத் திட்டாதீர்கள். ரிக் வண்டியில் பத்துப் பேரோடு ஒரே தார்ப்பாய்க்குக் கீழே தூங்குகிறவன் தினம் ராத்திரி மாத்திரை டப்பாவை எங்கே ஒளிப்பான்? ஏ.ஆர்.டி. மையம் கொடுத்த பச்சைப் புத்தகத்தைக் காட்டினால் நாட்டில் எந்த ஏ.ஆர்.டி. மையத்திலும் மாத்திரை வாங்கலாம் என்பது விதி. போய் நின்றால், "உங்க சென்டர் லெட்டர் எங்கே?" என்கிறார்கள். அந்த லெட்டருக்கு ஒருவன் மத்தியப் பிரதேசத்தில் இருந்து நாமக்கல் வந்து போக வேண்டுமா? இரகசியம் காக்க வேண்டும் என்று 2017-ல் சட்டம் போட்டார்கள். மையத்தை மட்டும் தனிக் கட்டடத்தில், தூரத்தில் இருந்தே படிக்கும் போர்டோடு வைத்திருக்கிறார்கள். இனி வண்டி ஏறுவதாக இருந்தால் மூன்று மாத மாத்திரையும் லெட்டரும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். சந்தேகம் இருந்தால் 1097-க்கு அழைக்கலாம், காசு கிடையாது.

அக்கி வேறு வைரஸ், சின்னம்மை வைரஸ்தான். நரம்பின் வேரில் வருடக்கணக்கில் ஒளிந்திருந்து வெளியே வரும். இப்போது மூளையில் இருப்பது அது இல்லை. குயவர் காவியில் சிங்கம் எழுதியதில் எனக்குச் சண்டை இல்லை. அன்றைக்கே, அதாவது மூன்று நாளுக்குள், ஆசைக்ளோவிர் மாத்திரையும் எடுத்திருக்க வேண்டும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் எழுதப் போகவே வேண்டாம், கண் டாக்டரிடம் ஓடுங்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்கு அக்கி வந்தால் அது எதிர்ப்புச் சக்தி இறங்குவதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். அன்றைக்கே யாராவது சி.டி.4 பார்த்திருக்கலாம். போகட்டும்.

வீட்டில் ஒரு காரியம். தம்பிக்குக் கண் கெடவில்லை, வலது பக்கத்தைப் பார்க்கும் மூளைப் பகுதிதான் கெட்டிருக்கிறது. சோற்றுத் தட்டையும் தண்ணீர்ச் செம்பையும் இடது கைப் பக்கம் வையுங்கள். பேசுகிறவர்கள் இடது பக்கம் உட்காருங்கள். ரோட்டில் நடந்தால் நீங்கள் அவனுக்கு வலது பக்கம் நடங்கள். டி.வி.எஸ். சாவியை எடுத்து ஒளித்து வையுங்கள்.