மண்டபச் சீலிங்கிற்கு எட்டு ஒலிபெருக்கிகள் போதும்

வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டில் உங்கள் கோயில் மண்டபம் 40 அடி நீளமும் 24 அடி அகலமும் கொண்டது என்றும், 10 அடி உயரச் சீலிங்கில் பதிக்க மலிவான ஒலிபெருக்கிகள் வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். விலையைக் கேட்பதற்கு முன், அவை 100 வோல்ட் இணைப்புக்குரிய (ஒரே கம்பித் தடத்தில் பல ஒலிபெருக்கிகளைக் கோக்கும் முறை) மின்மாற்றியுடன் வருகின்றனவா என்று பாருங்கள். வீட்டுக்குரிய 8 ஓம் வகையில் எட்டை இணையாகக் கோத்தால், மின்தடை 1 ஓமுக்கு இறங்கி ஆம்ப்ளிஃபையர் பழுதாகக்கூடும். அமர்ந்திருப்பவரின் காது தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் இருப்பதால், 90 பாகை பரவும் ஒலிபெருக்கி ஒன்று 12 அடி விட்டத்திற்கே தெளிவாகக் கேட்கும். ஆகவே நான்கு நான்காக இரண்டு வரிசை வையுங்கள். ஒவ்வொன்றையும் 6 வாட்டில் இணைத்தால் மொத்தம் 48 வாட். அதற்கு 60 வாட் ஆம்ப்ளிஃபையர் பொருந்தும். பழைய தோட்டக் கட்டடம் என்றால், சீலிங் பலகை கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) அல்ல என்று உறுதியாகத் தெரியும்வரை தயவுசெய்து துளையிட வேண்டாம்.