வயிற்றுக்குள் சூடான மருந்து

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. மூன்று சுற்று கீமோ முடிந்துவிட்டது. அடுத்து ஆபரேஷன் செய்து, கையோடு வயிற்றுக்குள் சூடான மருந்தை ஓடவிடப் போகிறார்களாம். உள்ளே வெந்துவிடாதா?

பதில்: வேகாது. 'ஹைபெக்' எனப்படும் இந்த முறையில் மருந்தின் சூடு 40 முதல் 43 டிகிரி செல்சியஸுக்குள்தான் இருக்கும். அதற்கு மேல் போனால்தான் குடலுக்கு ஆபத்து. அதனால் மருந்து உள்ளே போகும் குழாய், வெளியே வரும் குழாய், நோயாளியின் உணவுக்குழாய் மூன்றிலும் வெப்பமானியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இதில் ஓடவிடும் கீமோ மருந்தான சிஸ்பிளாட்டின் புற்றுசெல்லின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். செல் அதைச் சரிசெய்துகொள்ளப் பார்க்கும். சூடு அந்த வேலையைக் கெடுக்கிறது. மருந்து செல்லுக்குள் நுழைவதும் சுலபமாகிறது.

நெதர்லாந்தில் அம்மாவைப் போன்ற 245 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. அதில் மருந்து நிமிடத்துக்கு 1 லிட்டர் வேகத்தில் 90 நிமிடம் சுற்றிவந்தது. தொடக்கத்தில் பாதி மருந்து, 30-வது நிமிடத்தில் கால் பங்கு, 60-வது நிமிடத்தில் மீதிக் கால் பங்கு. ஆயுளின் இடைநிலை அளவு (பாதிப் பேர் இதைவிடக் கூடுதலாக வாழ்ந்தார்கள்) ஆபரேஷன் மட்டும் செய்தவர்களுக்கு 33.9 மாதம், ஹைபெக்கும் சேர்த்தவர்களுக்கு 45.7 மாதம். நோய் அடியோடு போய்விடும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் கிட்டத்தட்ட ஒரு வருடம் கூடுதலாகக் கிடைப்பது சாதாரண விஷயமும் இல்லை.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மருந்து திசுவுக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறங்கும். நெல்லிக்காய் அளவுக் கட்டியை விட்டுவைத்தால் அதன் மேல்தோலைத்தான் மருந்து தொடும். எனவே கண்ணுக்குத் தெரியும் கட்டி அத்தனையையும் எடுப்பதுதான் முதல் வேலை. 'முழுதாக எடுக்க முடியுமா?' என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது சிறுநீரகம். சிஸ்பிளாட்டின் அதைப் பதம் பார்க்கும். நெதர்லாந்து ஆய்வில், மருந்து ஓடத் தொடங்கும்போதே சிறுநீரகத்தைக் காக்கும் சோடியம் தயோசல்ஃபேட் மருந்தை ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தி, பிறகு 6 மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்தார்கள். அம்மாவுக்கும் அது உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை ஆபரேஷனுக்குப் பிறகும் தவறவிடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வயிற்று உள்ளுறைக்குப் பரவியிருக்கிறது. அவருக்கும் இதைக் கேட்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பிரான்ஸில் 265 பேரிடம் நடந்த ஆய்வில், எல்லோருக்கும் கட்டியை எடுத்துவிட்டு, பாதிப் பேருக்கு மட்டும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை 43 டிகிரியில் 30 நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஆயுளின் இடைநிலை அளவு ஹைபெக் செய்தவர்களுக்கு 41.7 மாதம், இல்லாதவர்களுக்கு 41.2 மாதம். பலன் கூடவில்லை, 60 நாளுக்குள் கடுமையான சிக்கல்கள்தான் கூடின. இந்த நோயாளிகளின் ஆயுள் நீண்டதற்கு நல்ல ஆபரேஷனே காரணமாக இருக்கலாம். வயிற்று உள்ளுறைக் கட்டிகளை எடுத்துப் பழகிய அறுவை நிபுணரைத் தேடுவதில் உங்கள் நேரத்தைச் செலவிடுங்கள்.

கேள்வி: சூடு நல்லதென்றால், கீமோ போடும் நாளில் வயிற்றில் வெந்நீர்ப் பை வைக்கலாமா?

பதில்: கூடாது. பையின் சூடு தோலோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் கட்டியை எட்டாது. பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்து போட்டவர்களுக்குக் கை, கால் மரத்துப்போகலாம். பையைத் தொட்டுப் பார்த்தாலும் அதன் சூடு சரியாகத் தெரியாது. சூடு உறைக்காமலே தோல் வெந்து கொப்புளம் கிளம்பலாம். ரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் அந்தச் சமயத்தில் ஒரு சின்னக் கொப்புளம்கூடச் சீழ் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிடும்.