நாலு பக்கத்தை அளந்தால் சென்ட் தெரிந்துவிடுமா?

கேள்வி: திருவட்டார் பக்கம் எங்களுக்கு ஒரு விளை (தோட்டம்) உண்டு. தெற்கே 30 மீட்டர், கிழக்கே 20, வடக்கே 26, மேற்கே 25. வடக்கு எல்லை சானலை (கால்வாயை) ஒட்டி வெளியே வளைந்து போகும். 26 என்பது மூலைக்கு மூலை நேராகப் பிடித்தது. எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்கி, பதினைந்தரை சென்ட் என்கிறார் அண்ணன். நான் 2 மீட்டருக்கு 1 செ.மீ. வைத்து கிராப் தாளில் வரைந்து, கட்டங்களை எண்ணி இரண்டால் பெருக்கினேன். ஏழரைதான் வருகிறது. யார் கணக்கு சரி?

பதில்: இரண்டும் சரியில்லை. உங்கள் பிழை சின்னது. ஒரு கட்டம் நீளத்தில் 2 மீட்டர், அகலத்திலும் 2 மீட்டர். ஆகவே அது 4 சதுர மீட்டர். நாலால் பெருக்கியிருக்க வேண்டும். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால், இந்த அளவுக்கு ஏறக்குறைய பத்துக் கட்டம் ஒரு சென்ட்.

அண்ணனுடையது ஊரெல்லாம் போடுகிற கணக்கு. நாலு பக்கமும் நேராக இருந்து, நிலம் சரியான செவ்வகமாக இல்லாவிட்டால் அது எப்போதும் கூட்டித்தான் காட்டும். விற்கிறவருக்கு வசதி, வாங்குகிறவருக்கு நஷ்டம்.

இருவரும் விட்டது மூலைவிட்டம். நாலு கம்பை முனையில் கயிற்றால் கட்டிச் சட்டமாக்கி ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள். கம்பின் நீளம் மாறாது; சட்டம் சாயச் சாய உள்ளே இருக்கும் இடம் சுருங்கும். உங்கள் நிலத்தில் தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்கு 36 மீட்டர் இருந்தால் பரப்பு 625 சதுர மீட்டர். 42 இருந்தால் 580தான். அதே நாலு பக்கம், ஒரு சென்ட்டுக்கு மேல் வித்தியாசம்!

42 என்றே வைத்துக்கொள்வோம். தாளில் நீளவாக்கில் 21 செ.மீ. கோடு போடுங்கள். அதன் ஒரு முனையிலிருந்து 15, மறுமுனையிலிருந்து 10 செ.மீ. சேரும் புள்ளி தென்கிழக்கு மூலை. பள்ளிக்கூடக் காம்பஸ் 15 செ.மீ.க்கு விரியாது, இரண்டு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பிடித்தால் போதும். மறுபுறம் அதே வரிசையில் 12.5, 13 சேர்வது வடமேற்கு மூலை. இப்போது இன்னொரு மூலைவிட்டம் தாளில் 14.2 செ.மீ. வரும். நிலத்தில் அது 28.4 மீட்டர் இல்லையென்றால் டேப் எங்கேயோ தொய்ந்திருக்கிறது.

இரண்டு முக்கோணத்துக்கும் அடிப்பக்கம், உயரம் பார்த்துப் பரப்பு போடுங்கள். நேர்கோட்டு உருவத்தில் கட்டம் எண்ணுவது வெட்டிவேலை என்பேன். கட்டத்தாள் உண்மையில் உதவுவது சானல் ஓரத்தில்.

அந்த 26 மீட்டர் நேர்கோட்டில் நாலு மீட்டருக்கு ஒருமுறை நின்று, சானல் வரை செங்குத்தாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வேறொரு தாளில், நேர்கோடு கட்டக் கோட்டின் மேலேயே படியுமாறு, அந்தப் புள்ளிகளை வைத்து வளைவை இழுங்கள். முழுக் கட்டம் 7, வெட்டுப்பட்டது 15 என்று வந்தால், வெட்டுப்பட்டதில் பாதியைச் சேர்த்து 14.5 கட்டம், அதாவது 58 சதுர மீட்டர். சந்தேகம் இருந்தால் வெட்டுப்பட்ட கட்டங்களில் மட்டும் மில்லிமீட்டர்க் கட்டங்களை எண்ணுங்கள். ஆக மொத்தம் 638 சதுர மீட்டர், 15.8 சென்ட். அண்ணன் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதே என்று அவர் மீசையை முறுக்க வேண்டாம். அவர் சானல் வளைவைச் சேர்க்கவே இல்லை.

நம் மேட்டுப் பகுதியில் இன்னொரு வம்பு, சரிவு. நிலப்பரப்பு கிடைமட்டத்தில்தான் கணக்கு. சரிவோடு 26 மீட்டர் நடந்து 10 மீட்டர் ஏறினால் தாளில் 24 மட்டும். டேப்பை மட்டமாகப் பிடித்து, படிப்படியாக இறங்கி அளக்க வேண்டும்.

பட்டாவில் சென்ட் இருக்காது, ஹெக்டேரும் ஏரும் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். ஆகவே உங்கள் 638ஐ 6.38 ஏர் என்று வைத்து ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தால் புலப்படத்தை (சர்வே வரைபடத்தை) எடுத்துப் பார்த்துவிட்டு, அரசு சர்வேயர் அளந்து தரும்படி மனுக் கொடுங்கள். கிராப் தாளைக் காட்டி எல்லைக் கல்லை யாரும் நகர்த்த முடியாது.