18 நாள் பிள்ளையின் கெண்டைக்கால் கட்டி: காலை எடுக்கத்தான் வேணுமா?

தங்கச்சி, முதலில் இரத்தநாளக் கட்டி என்றார்கள், இப்போது பயொப்சியில் 'சிசு ஃபைப்ரோசார்கோமா' என்ற மென்திசுப் புற்றுநோய் என்று வந்திருக்கிறது, காலை எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே சம்மதிக்க வேண்டாம். பெயர் பயமுறுத்தினாலும் இது பெரியவர்களுக்கு வரும் சார்கோமாவைப் போல நடக்காது. வேறு இடத்துக்குப் பரவுவது குறைவு. இரத்தநாளக் கட்டியும் இதுவும் சிவந்து, வேகமாக வளர்ந்து, இரத்தம் கசிவதால் தொடக்கத்தில் மாறிப்போவது வழமை.

பயொப்சி பாரஃபின் கட்டையில் (எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து வைத்தது) டிஆர்கே புரதத்தைக் காட்டும் பான்-டிஆர்கே சாயப் பரிசோதனையும், ஈடிவி6, என்டிஆர்கே3 என்ற இரு மரபணுக்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கும் இணைவுப் பரிசோதனையும் கேளுங்கள். சிகிச்சையே அதில்தான் தங்கியிருக்கிறது. காலுக்கு எம்ஆர்ஐ, நெஞ்சுக்கு சிடி. பால் கொடுத்து, துணியால் சுற்றித் தூங்கவைத்தே பெரும்பாலும் எம்ஆர்ஐ எடுக்கலாம், மயக்க மருந்து தேவைப்படாது.

காலைச் சிதைக்காமல் கட்டியை அகற்ற முடியாவிட்டால், முதலில் வின்கிறிஸ்டின், அக்டினோமைசின்-டி என்ற புற்றுநோய் மருந்துகளைக் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவார்கள். இந்த இரண்டின் அளவை உடற்பரப்பால் அல்ல, கிலோவால் கணக்கிட்டு, பிறந்த பிள்ளைக்கு இன்னும் குறைக்க வேண்டும்; ஈரல் தாங்காது. வின்கிறிஸ்டின் ஓடும்போது இட்ராகொனசோல் போன்ற பூஞ்சை மருந்து சேர்ந்தால் நரம்புப் பாதிப்பு கூடும். மலம் இறுகுதல், கண்ணிமை தொங்குதல், பால் உறிஞ்சத் தடுமாறுதல் எதைக் கண்டாலும் அன்றைக்கே சொல்லுங்கள்.

அந்த மரபணு இணைவு இருந்தால், அதையே குறிவைக்கும் லரோட்ரெக்டினிப் என்ற மருந்து, வாயால் கொடுக்கும் திரவமாக இருக்கிறது: இதன் அளவு மட்டும் உடற்பரப்பால், சதுர மீற்றருக்கு 100 மி.கி., நாளுக்கு இருதடவை. 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலைதான் மிகக் கடுமை.

பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் மருத்துவமனைச் சத்திரசிகிச்சை நிபுணரும் மகரகமை அபேக்ஷா புற்றுநோய் மருத்துவமனையின் சிறுவர் புற்றுநோய் வைத்தியரும் சேர்ந்து பார்க்கட்டும். பயொப்சியின் பாரஃபின் கட்டையையும் கண்ணாடித் தகடுகளையும் கையோடு கொண்டுபோங்கள்.