சர்ஃபிங், கயாக்கிங் ஆளுங்க பேச்சும் எங்க ஒகேனக்கல் பரிசல் பேச்சும்

சர்ஃபிங், கயாக்கிங் பண்றவங்களுக்குள்ள என்னென்ன ஸ்லாங் புழங்குது, நம்ம ஊர்ல அந்த மாதிரி ஏதாச்சும் இருக்கான்னு கேட்டிருக்கீங்க. நிறைய இருக்குங்க. நான் பென்னாகரம் பக்கம், சொந்தக்காரங்கள்ல பாதிப்பேரு ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டறவங்க, அதனால ஆத்துப் பேச்சுலேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

எங்க மாமா வீட்ல காலைல எழுந்ததும் கேக்கற கேள்வியே "வரத்து எவ்ளோ"ன்னுதான். கர்நாடக எல்லைல இருக்கற பிலிகுண்டுலுல அளக்கற காவிரித் தண்ணி, கனஅடிக் கணக்கு. ஆனா பேச்சுல ஆயிரத்த விட்டுட்டு "எட்டு போவுது", "பத்து போவுது"ன்னுதான் சொல்லிப்பாங்க. கர்நாடகாவுல கபினி, கே.ஆர்.எஸ் அணைங்களத் திறந்து விட்டா வரத்து ஏறும், ரொம்ப ஏறிட்டா கலெக்டர் பரிசலுக்குத் தடை போட்டுடுவார், அன்னிக்கு துறையே வெறிச்சோடிப் போயிடும்.

அடுத்தது சுழி, மடு. இந்த ரெண்டும் ஒகேனக்கல் வர்ற எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய வார்த்தைங்க. சுழி தண்ணி சுத்திக்கிட்டே ஆள உள்ள இழுக்கற இடம், அதப் பாத்தா யாருக்கும் பயம் வரும். மடு அப்படி இல்ல, பாறைங்களுக்கு நடுவுல ஆழமா கெடக்கற தண்ணி, மேல சலனமே இருக்காது, வெளியூர்ப் பசங்க குளிக்கலாம்னு இறங்கறதும் அங்கதான், அதனாலதான் பரிசல்காரர் "அது மடு, இறங்காத"ன்னு சொன்னா உடனே கேட்டுக்கணும். அக்கரை கர்நாடகா. அவங்களுக்கு பரிசல் தெப்பா, இல்லன்னா ஹரிகோலு, சுழி சுளி, மடுவுக்கு அவங்க சொல்றதும் மடுதான், அதனால ஆபத்து நேரத்துல எந்தக் கரைலேர்ந்து கத்தினாலும் இன்னொரு கரைக்குப் புரிஞ்சிடும்.

கயாக் ஆளுங்க பேச்சுலயும் பாதி இப்படி எச்சரிக்கைதான். பாறைக்குப் பின்னாடி தண்ணி திரும்பி மேல்பக்கமா ஓடற இடம் 'எடி', அங்க ஒதுங்கி மூச்சு வாங்கிக்கலாம். உள்ள போனா வெளிய விடாத சுழல் 'கீப்பர்'. விழுந்து கெடக்கற மரத்துக்குள்ள தண்ணி மட்டும் போய் ஆள் மாட்டிக்கற இடம் 'ஸ்ட்ரெய்னர்', வடிகட்டி மாதிரின்னு வெச்ச பேர், இருக்கறதுலயே மோசமானது அதான். 'ரிவர் லெஃப்ட்'னா தண்ணி போற பக்கம் பாத்து நின்னா வர்ற இடது, நீங்க எந்தப் பக்கம் திரும்பி நின்னாலும் அது மாறாது. சின்ன அருவிலேர்ந்து குதிச்சு படகோட அடிப்பாகம் தட்டையா வந்து விழறது 'பூஃப்', விழற சத்தமேதான் பேரு.

சர்ஃபிங் பேச்சு வேற ரகம், கிண்டல் ஜாஸ்தி. வலது கால முன்னாடி வெச்சு நின்னா 'கூஃபி'. ஒண்ணும் தெரியாம வந்து மத்தவங்க அலைல குறுக்க விழறவன் 'கூக்', சின்னப் பசங்க 'க்ராம்', அலை தூக்கி அடிச்சா 'வைப்அவுட்', ஒரே அலைல நாலஞ்சு பேர் சேந்து போனா 'பார்ட்டி வேவ்'. படுத்துக்கிட்டே அலைல போற பாடிபோர்டு ஆள பல ஊர்ல 'ஸ்பான்ஜர்'னு சொல்வாங்க, ஆஸ்திரேலியாவுல ஐஸ் பெட்டி மூடின்னு அர்த்தம் வர்ற மாதிரி 'எஸ்கி லிட்', இன்னும் மேல போய் 'ஷார்க் பிஸ்கட்'! கயாக்க எடுத்துக்கிட்டு அலைக்கு வந்தா அதுக்குப் பேரு 'கோட் போட்', ஆட்டுப் படகு. துடுப்பு புடிக்கற குடும்பத்து ஆளு நான், அந்தப் பேரு எனக்குப் புடிக்கல.

ஆனா நம்ம கடற்கரைல சர்ஃபர்ஸ் 'ஆஃப்ஷோர்'னு சொல்ற காத்துக்கு மீனவங்க கிட்ட எப்பவோ பேர் இருக்கு. கரைலேர்ந்து கடலுக்கு அடிக்கற காத்து அலைய நேரா நிக்க வைக்கும், சர்ஃபிங்குக்கு அருமையா இருக்கும். கிழக்குக் கடற்கரைல அது மேற்கேர்ந்து வர்ற காத்து, மீனவங்க பாஷைல கச்சான். கடல்லேர்ந்து கரைக்கு வந்து அலைய உடைச்சு கலைக்கறது 'ஆன்ஷோர்', அதான் கொண்டல். கோவளம், மாமல்லபுரம்னு சர்ஃபிங் கத்துக்கப் போனீங்கன்னா போன்ல காத்து காட்டற ஆப் மட்டும் பாக்காம, கரைல வலை சரி பண்ற பெரியவர் யார்கிட்டயாச்சும் "இன்னிக்கு என்ன காத்துங்க ஐயா"ன்னு கேட்டுட்டு இறங்குங்க.