குழப்படி செய்யாத பிள்ளைக்கும் ஏடிஎச்டி வருமா?

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

என் மகள் தரம் 7. குழப்படியே இல்லை. ஆனால் கணக்கை முழுக்கச் சரியாகச் செய்து, கடைசி வரியில் ஒரு பூச்சியத்தை விட்டுவிடுவாள். தண்ணீர்ப் போத்தல், கொப்பி எல்லாம் வகுப்பிலேயே தொலையும். தரம் 2இலிருந்து தேர்ச்சி அறிக்கையில் ஒரே வசனம்: "கெட்டிக்காரி, கவனம் போதாது." ரியூசன் முடிந்து வந்தால் வீட்டுவேலைக்கு இருத்தவே பெரும்பாடு, அழுகிறாள். ஏடிஎச்டியாக, அதாவது கவனக் குறைவு, மிகை இயக்கக் கோளாறாக இருக்கலாம் என்கிறார் உறவினர் ஒருவர். அது துள்ளித் திரியும் பொடியன்களுக்கு வருவதுதானே?

ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

அன்புள்ள சகோதரிக்கு,

பெண் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காண்பது துள்ளாத, கவனம் நழுவும் வகை. வகுப்பு குழம்பாததால் ஆசிரியர் கண்ணில் படுவதில்லை. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துச் சமாளிப்பார்கள். அந்தச் சமாளிப்பில் களைத்து வீட்டில் அழக்கூடும்.

கடிதத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. இந்த வகை ஏடிஎச்டி என்று சொல்ல, கவனக் குறைவின் 9 அறிகுறிகளில் 6ஆவது இருக்க வேண்டும். குறைந்தது 6 மாதம், வீடு பாடசாலை இரண்டிலும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். அதனால் அந்தத் தரம் 2 அறிக்கை பெறுமதியானது. எல்லா அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். பார்வை, செவிப்புலன், நித்திரை, இரத்தச்சோகை பற்றியும் கேளுங்கள். சில விநாடி வெறித்திருக்கும்போது தோளைத் தொட்டும் திரும்பாவிட்டால், அதை முதலில் சொல்லுங்கள். வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம்.

பாடசாலை உதவிக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. யன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி முன்வரிசையில் இருத்தச் சொல்லுங்கள். "எங்கே பார்க்கிறாய்?" என்று வகுப்பு முன்னால் கேட்டால் பிள்ளை ஒளிக்கத்தான் பழகும்; ரீச்சர் போகிற போக்கில் மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். மணி அடிக்க முன் 3 நிமிடம், வீட்டுவேலை குறித்தாளா, கொப்பி பைக்குள் போனதா என்று பார்க்கட்டும். தகவல் கொப்பியை மகளிடம் கொடுத்தனுப்பாதீர்கள், தொலைப்பதுதானே பிரச்சினை! கரும்பலகைப் படம் வாட்ஸ்அப்பில் வரட்டும்.

வீட்டில், ஒரு கணக்கு மட்டும் தெரிய மற்றவற்றை வெள்ளைத்தாளால் மூடுங்கள். விடை எழுதியதும் கடைசி இரண்டு வரியையும் விரல் வைத்து வாசிக்கட்டும். 15 நிமிடம் வேலை, 5 நிமிடம் நடமாட்டம். மாத முடிவுப் பரிசு இவர்களிடம் எடுபடாது, அன்றைக்கே கொடுங்கள். தண்டனையாக விளையாட்டை நிறுத்த வேண்டாம். குறைப்பதென்றால் ஒரு ரியூசனைக் குறையுங்கள்.

வைத்தியர் ஏடிஎச்டிக்கான மெதில்பெனிடேட் மருந்தை எழுதினால் பசி குறையலாம். காலைச் சாப்பாட்டோடு கொடுக்கலாமா என்று கேட்டு, மாதாமாதம் நிறையைக் குறித்துக் கிளினிக்கில் காட்டுங்கள்.